பனி உருகினால் நட்டம்

பனியை நான் பார்த்ததில்லை. என் மனைவியும் பார்த்ததில்லை. மார்கழி விடிகாலையில் பைக் சீட்டைத் தொட்டால் கையில் ஒட்டுகிற ஈரம்தான் தூத்துக்குடியில் எங்களுக்குத் தெரிந்த பனி. ஊர் மாதாவின் பெயரிலேயே பனி இருக்கிறது. ஆனால் அவளுடைய திருவிழா நடக்கிற ஆடி மாதத்தில் கடைத்தெருவில் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னால் ஓர் அமெரிக்கர் எழுதிய பனியைப் பற்றி நானும் அவளும் ஒரு கோடை முழுக்கச் சண்டை போட்டோம். சண்டையில் ஜெயித்தது அவள்தான். அவள் போன பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

எனக்கு உப்பு வியாபாரம். ஊருக்குத் தெற்கே திருச்செந்தூர் ரோட்டை ஒட்டிக் குத்தகைக்கு எடுத்த உப்பளம் இருக்கிறது. என் அப்பா சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் நான் கற்றுக்கொண்டது இரண்டு விஷயம். கேட்ட சரக்கு இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. 'நாளைக்கு வந்துரும் அண்ணாச்சி' என்று சொல்லவேண்டும். நட்டம் வந்தால் 'நட்டம்' என்று சொல்லக்கூடாது. 'கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கு' என்று சொல்லவேண்டும். அந்த வார்த்தையை வாயில் எடுத்தால் அது வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துவிடும் என்பது அவர் எண்ணம். எங்கள் சொந்தத்தில் வியாபாரம் செய்கிற அத்தனை பேருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. உப்புச் சீசன் முழுக்க மழையில் போன வருடத்தில்கூட நான் வீட்டில் 'முன்னப்பின்ன' என்றுதான் சொன்னேன்.

என் மனைவி வேறு மாதிரி. அவளுடைய அப்பா ஓட்டப்பிடாரம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த நெளிவுசுளிவெல்லாம் தெரியாது. சர்க்கரை இல்லையென்றால் இல்லை என்பாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் வந்திருந்த என் அப்பாவிடம் அப்படிச் சொல்லிவிட்டாள். அவர் காப்பி குடிக்காமலே எழுந்து போனார். அதை வைத்துக் கடைசிவரை அவளைக் கேலி செய்தேன்.

மகளைக் கட்டிக்கொடுத்து அவள் கோயம்புத்தூருக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. மகள்தான் போனில் வற்புறுத்தி அம்மாவை அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலத்துக்குச் சேர்த்துவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

"எம்.ஏ. முடிச்சிட்டு உப்பு மூட்டைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போறியாக்கும்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வர்ற இங்கிலீஷ் மெயிலயாவது தப்பில்லாம படிச்சுச் சொல்லுவேன்லா. அன்னைக்கி அவன் சரக்கு வேண்டாம்னு எழுதியிருக்கான், நீங்க லோடு ஏத்தி அனுப்பிட்டு வந்து நிக்கீங்க" என்றாள். உண்மைதான். ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் கதை தெரியும்.

முதல் வருடம் நன்றாகவே போனது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போவாள், யூடியூபில் பாடம் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள். இரண்டாம் வருடம் அமெரிக்க இலக்கியம் வந்தது. பொங்கல் முடிந்த கையோடு அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது.

திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை காலையில் போய் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்புவோம். சில தடவை போய்வந்ததும் அவளுக்கு விரல்நுனி மரத்துப்போனது. கண் மங்கலானது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். பரீட்சை மே மாதக் கடைசியில் இருந்தது.

"பரீட்சைய விட்டுரவா?" என்று கேட்டாள்.

"எதுக்கு விடணும்? பணத்த கட்டியாச்சு. நான் வாசிக்கேன், நீ கேளு. எழுதுததுக்கு ஆள் வச்சுக்கிடலாமாம், விசாரிச்சிட்டேன்" என்றேன்.

அந்தப் பரீட்சையை நான் பிடித்துக்கொண்டேன். மே மாதத்தில் பரீட்சை இருக்கிறவளுக்கு ஜூனில் ஒன்றும் ஆகிவிடாது என்று என் மனதில் ஒரு கணக்கு. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

அளத்து வேலை விடியும் முன்னே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். நீர் வடிந்ததும் மேட்டில் மலைபோல் குவிக்கிற அம்பாரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதனால் மத்தியானம் எனக்கு வீட்டில்தான் வேலை. சாப்பிட்டு முடித்ததும் முன்னறையில் அவள் கட்டிலில் சாய்ந்துகொள்வாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பாடத்தில் இருந்த அந்தப் பனிக் கதையை வாசிப்பேன். நான் பி.காம். படித்தவன். என் இங்கிலீஷ் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

"எல்லாத்தையும் லோடு இறக்குத மாதிரியே படிக்கீங்க" என்று சிரிப்பாள். "அவங்க ரெண்டு பேரும் மனசொடிஞ்சு பேசுதாங்க. கொஞ்சம் மெதுவா."

அந்தக் கதையில் மொத்தமே இரண்டு பேர்தான். வடக்கே எங்கோ ஒரு சமவெளி. ஊரை விட்டு ஒதுங்கி ஒரு வீடு. புருசன், பெண்டாட்டி. அவர்களுக்கு ஒரு குழந்தை இருந்து இறந்திருக்கிறது. ஆனால் கதையில் அதை யாரும் பேசுவதில்லை. ரொட்டி தீர்ந்துவிட்டது, விறகு ஈரமாக இருக்கிறது, நாய் இருமுகிறது என்று இப்படியே பேசிக்கொள்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டுகிறது. அவன் தினமும் காலையில் மண்வாரியை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து ரோடு வரைக்கும் பனியை வெட்டிப் பாதை போடுகிறான். ராத்திரி பெய்கிற பனி அதை மூடிவிடும். மறுநாள் திரும்பவும் வெட்டுவான். அந்தப் பாதையில் யாரும் வருவதில்லை. கடைசியில் ஒருநாள் வெயில் வந்து பனி எல்லாம் உருகிவிடுகிறது. அவன் மண்வாரியோடு சேற்றில் நிற்கிறான். அவள் சன்னலைத் திறந்து என்னவோ சொல்கிறாள், அவன் திரும்பிப் பார்க்கிறான். கதை அவ்வளவுதான். என்ன சொன்னாள் என்று எழுதியவர் சொல்லவில்லை.

"இதுக்கா இத்தன பக்கம்?" என்று கேட்டேன். "அந்த ஆளு குழந்தையப் பத்தி ஒரு வார்த்த பேசியிருந்தா கதை ரெண்டாம் பக்கத்துலயே முடிஞ்சிருக்கும்."

"அதுக்குத்தான் பேசல்ல" என்றாள். "தீம்னு கேப்பாங்கல்லா பரீட்சையில. கதையில இருக்கவங்க எதப் பத்திப் பேசாம இருக்காங்களோ, அதான் தீம்."

அப்போது எங்கள் வீட்டிலும் தண்ணி லாரி எப்போது வரும், முருங்கைக்காய் முற்றலாக இருக்கிறது, ஃபேன் சத்தம் போடுகிறது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அது உறைத்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

கதையைவிட எனக்குப் பிடித்தது மதுரையில் அச்சடித்த நோட்ஸ்தான். பாடத்தின் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பனி என்றால் மரணம். மண்வாரி என்றால் மனிதனின் வீண்முயற்சி. பாதை என்றால் உறவு. பனி உருகுவது மறுபிறப்பு. சன்னல் திறப்பது நம்பிக்கை, புதுவாழ்வு. விலைப்பட்டியல் மாதிரி இந்தப் பக்கம் சரக்கு, அந்தப் பக்கம் விலை. இது வியாபாரிக்குத் தோதான படிப்பு என்று சொன்னேன். இதை அப்படியே உருப்போட்டு எழுதிவிட்டு வந்தால் பாஸ்.

அவள் அந்தக் கட்டத்தை முழுக்கக் கேட்டாள். பிறகு, "ஏங்க, பனி உருகிட்டா அந்த மனுசனுக்கு நட்டம்தான?" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. "அந்த வார்த்தைய வீட்டுக்குள்ள பேசாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? அது உப்பா கரைஞ்சு போறதுக்கு? பனி. உருகுனாத்தான் நல்லது. புல்லு முளைக்கும். மறுபிறப்புன்னு போட்டிருக்கான்லா."

"போட்டிருக்கான். அவன் மதுரைல இருந்து போட்டிருக்கான்."

"மதுரைக்காரன் என்ன செய்தான் உனக்கு?"

"அவனுக்கும் பனி தெரியாது, எனக்கும் தெரியாது. நான் வெள்ளையா பாத்தது நம்ம அளத்தத்தான். நீங்க வாசிக்கப்ப எனக்கு அம்பாரந்தான் கண்ணுல தெரியுது. மழையில அது கரைஞ்சா நீங்க எப்படி நிப்பீங்கன்னு எனக்குத் தெரியும்லா. அந்த ஆளு அப்படித்தான் நிக்கான்."

"தப்பா எழுதிட்டு வராத ஏளா. மார்க் போகும்."

"சரி, நீங்களே சொல்லுங்க. குளிர்காலம் முழுக்க அவன் செஞ்ச வேலை என்ன? பாதை வெட்டுனது. பனி இருந்தாத்தான அதுல பாதை இருக்கும்? உருகிட்டா பாதை எங்க இருக்கு?"

அதற்குப் பதில் நோட்ஸில் இல்லை. மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனேன்.

இந்தச் சண்டை மார்ச் மாதம் முழுக்க நடந்தது. நான் மறுபிறப்பு என்பேன், அவள் நட்டம் என்பாள். எங்கள் வீட்டுக்கு அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. இதற்கிடையில் மருந்து அவளுடைய நாக்கையும் எடுத்துக்கொண்டது. எதைச் சாப்பிட்டாலும் காகிதம் மெல்லுவது போல இருக்கிறது என்றாள். ஆனாலும் முடிந்த நாளெல்லாம் அவள்தான் சமைத்தாள். அடுப்படிக்கு வேறு ஆளை விடமாட்டாள். குத்துமதிப்பாக உப்புப் போடுவாள். தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

கடல்தண்ணீர் மாதிரி இருக்கும். இன்னொரு நாள் அறவே இருக்காது. இரண்டு நாளும் சரியா இருக்கு என்றுதான் சொன்னேன். சீசனில் முதலில் வாரிய உப்பில் ஒரு கை எடுத்துத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவது என் வழக்கம். அவள் அதில் ஒரு கல்லை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு ஜாடியில் கொட்டுவாள். அந்த வருடமும் கொண்டுவந்தேன். வாயில் போட்டாள். கல்லை அங்குமிங்கும் உருட்டினாள். "நல்லாருக்கு" என்றாள். ஆக, இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் பொய் அளந்துகொண்டிருந்தோம்.

எங்கள் பக்கம் 'சவம்' என்பது சாதாரண வசவு. பேனா எழுதவில்லையென்றால் சவம் எழுதமாட்டேங்கு என்போம். வண்டி கிளம்பாவிட்டால் சவம், கரண்ட் போனால் சவம். எனக்கு வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வரும். அந்த மாதங்களில் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கோபமோ முன்னைவிட அதிகமாக வந்தது.

ஏப்ரலில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை மட்டும் வராண்டாவுக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு டாக்டர், நல்ல பையன். மருந்து பிடிக்கவில்லை, கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், வேறு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அம்மாவுக்குச் சொல்லிவிடுவது நல்லது, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்காம். சரியாயிரும்னாரு."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  எத்தனையோ சீசனில் நான் எதற்கு 'முன்னப்பின்ன' என்று சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கு அது தோன்றியது. ஆனாலும் நான் வேறு சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் பனியை விடவில்லை. முன்பு விளையாட்டாகக் கேட்டது இப்போது வேறு மாதிரி ஆனது. நாளுக்கு ஒரு தடவையாவது கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொல்வாள். வாசித்து முடித்ததும் என் முகத்தையே பார்ப்பாள்.

"இப்பச் சொல்லுங்க. உருகுனது நல்லதா, நட்டமா?"

"நல்லதுதான். மறுபிறப்பு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

"சன்னல் எதுக்குத் தொறந்தா?"

"நம்பிக்கை. புதுவாழ்வு."

"புதுவாழ்வும் இல்ல, பழைய வாழ்வும் இல்ல. புருசன் சேத்துல நிக்கான். உள்ள வாங்கன்னு கூப்பிடுதா. அவ்வளவுதான். அவளுக்குக் குழந்த போனது தெரியும்ங்க. அவனுக்கும் தெரியும். அவன் சொல்லணும்னு குளிர்காலம் முழுக்கச் சன்னல் பக்கத்துல உக்காந்திருக்கா. அவன் மண்ணாந்த மாதிரி பாதை வெட்டிக்கிட்டு இருக்கான்."

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள். அதை நான் சொன்னால்தான் மற்றதை அவள் பேச முடியும். மகளைப் பற்றி, நகையைப் பற்றி, எனக்கு யார் சோறு போடுவார்கள் என்பதைப் பற்றி. அது புரிந்தும் நான் நோட்ஸைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சொல்லிவிட்டால் அது வீட்டுக்குள் வந்துவிடும். என் அப்பா சொன்னது எலும்பில் ஊறியிருந்தது. அவளுக்கு உடம்பில் ஒரு பிடி சதை இல்லை, நான் பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தேன். அவளும் பொறுமையாகப் பாடம் கேட்டாள். நான் கேள்வி கேட்டால் பதில் சொன்னாள். பாதியில் கண் செருகும். தட்டி எழுப்புவேன்.

மே மாதம் பாதியில் கோடை மழை வந்தது. அந்த நேரத்து மழைதான் எங்களுக்கு எமன். அம்பாரமெல்லாம் திறந்து கிடக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால்தானே கீற்று வேய்ந்து மூடுவோம்? மத்தியானம் சாப்பிட உட்காரும்போது தென்கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். வேலையாட்கள் வெயிலுக்கு முன்னமே போயிருந்தார்கள். போன் போட்டேன், வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். நான் போய்ச் சேரும்போதே மழை முந்திவிட்டது.

தார்ப்பாயை ஒற்றை ஆளாக இழுத்துப் பார்த்தேன். காற்று அதைப் பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டது. பாத்தியில் விளைந்து நின்ற உப்பின்மேல் தண்ணீர் ஏறியது. தண்ணீரை வடிய விடலாம் என்று மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டினேன். வெட்ட வெட்ட மண் சரிந்து மூடியது. திரும்ப வெட்டினேன். அம்பாரத்தின் ஓரத்திலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் ஓடி வந்து என் காலடியில் சேறாக ஆனது. மழையைப் பார்த்துக் கத்தினேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த போன் சட்டைப்பையில் அடித்தது.

"எங்க நிக்கீங்க?" அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அளத்துல."

"அங்கன மழை பெய்யுதா?"

"பெய்யுது."

"நனைஞ்சுகிட்டா நிக்கீங்க?"

 மண்வெட்டி கையில் இருந்தது.

"கரைஞ்சது கரைஞ்சிட்டு" என்றாள். "வீட்டுக்கு வாங்க."

போனைக் காதில் வைத்தபடியே அங்கே நின்றேன். அதற்கு முன் ஒருநாளும் அவள் என்னை அளத்திலிருந்து கூப்பிட்டதில்லை. எத்தனை மழை பார்த்திருக்கிறோம். நான் வரும்வரை காத்திருப்பாளே தவிர, வா என்று சொல்லமாட்டாள். அது என் பாடு என்று விட்டுவிடுவாள். மண்வெட்டியை அப்படியே சேற்றில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். எதிரே வேலையாட்கள் வந்தார்கள். திரும்பிப் போகச் சொன்னேன்.

வீட்டில் அவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் எனக்காகத் துண்டு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா காப்பி போட அடுப்படிக்குப் போனார். நான் நனைந்த வேட்டியோடு கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு போச்சு?" என்று கேட்டாள்.

முன்னப்பின்ன என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"எல்லாம் போச்சு ஏளா. நட்டந்தான்" என்றேன்.

அவள் துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"உப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கட்டில் சட்டத்தில் தலையை வைத்து அழுதேன். என் அப்பா செத்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை. உணர்ச்சியில்லாத விரல்களால் அவள் என் தலைமுடியைக் கோதினாள். அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டு நின்றுபோனது. அக்கா வெளியே வரவில்லை.

"இதச் சொல்ல உங்களுக்கு இத்தன நாளா?" என்றாள். அவளும் அழுதாள். ஆனால் அவள் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போயிருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் பரீட்சைக்குப் படிக்க வேண்டாம்லா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"முடியல்லங்க. மார்ச் மாசமே முடியல்ல. நீங்க அதையே பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. நானும் விட்டுட்டா நீங்க எங்க போய் நிப்பீங்கன்னு படிச்சேன்."

நான் அவளுக்காக வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம், காலையில் அவள் வைத்திருந்த ரசத்தை வாயில் வைத்ததும், "உப்பு கூடிட்டு" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத நல்ல செய்தி மாதிரி அவள் சிரித்தாள். "இத்தன நாளும் எப்படி இருந்துது?" என்றாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடல்தண்ணீர் மாதிரி இருந்த மோர்க்குழம்பின் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்தும் சிரித்தாள்.

அதன் பிறகு எங்களுக்குக் கிடைத்த நாட்கள் கொஞ்சம். அதில் எல்லாவற்றையும் பேசினோம். மகளைக் குழந்தையோடு வரவழைத்து, இனி நாள் அதிகமில்லை என்று என் முன்னாலேயே அவளிடம் சொன்னாள். கடைசியாகத் தனக்கு எந்தச் சேலை கட்டவேண்டும் என்று எடுத்து வைத்தாள். பட்டு வேண்டாம், கத்தரிப்பூ நிறத்து நூல் சேலை போதும் என்றாள். எனக்குச் சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் கட்டிலில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தாள். நான் போட்ட உப்பைப் பற்றி அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்பதில் அவளுக்கு வருத்தம். பயமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நோட்ஸைப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டேன். கதையை மட்டும் வைத்துக்கொண்டேன். பரீட்சை இல்லாத பிறகும் வாசிக்கச் சொல்வாள். இப்போது கேள்வி கேட்கமாட்டாள். ரொட்டி, விறகு, இருமுகிற நாய் என்று நான் லோடு இறக்க, அவள் கண்ணை மூடிக் கேட்பாள். ஆடி மாதத்தில் மாதா கோயில் வெடிச்சத்தம் கேட்கிற ஒரு மத்தியானம், கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது வேண்டாம். அதுல அவ என்ன சொன்னான்னு நமக்குத் தெரியும்லா" என்றாள்.

ஆவணியில் ஒரு காலை நேரம் போய்ச் சேர்ந்தாள். மகள் பக்கத்தில் இருந்தாள், நானும் இருந்தேன். துட்டி கேட்க வந்த வியாபாரிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு எதை எதையோ சுற்றிவளைத்துச் சொன்னார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது, அவர்களும் எங்கள் ஆட்கள்தான். ஒருவர், "எல்லாம் சரியாயிரும் அண்ணாச்சி" என்றார். "சரியாகாது அண்ணாச்சி, நட்டம்" என்றேன். அவர் பதறி அக்கம்பக்கம் பார்த்தார்.

இந்த வருடம் மாசியில் உப்பு வாரத் தொடங்கியது. முதல் வாரலில் ஒரு கை எடுத்துத் துண்டில் முடிந்து கொண்டுவந்தேன். வாயில் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். நல்ல உப்பு. நானே ஜாடியில் கொட்டினேன்.

போன வாரம் திடீரென்று மழை பெய்தது. நான் அளத்தில்தான் இருந்தேன். ஆட்களும் இருந்தார்கள், தார்ப்பாய் போட்டு முக்கால்வாசியை மூடிவிட்டோம். அவர்கள் போன பிறகும் நான் மண்வெட்டியோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். போன் பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, மழையும் விடவில்லை. மழை வந்தால் இப்போது நானாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது.